மூலையில் விட்ட பதினைந்து குழி

பஸ்காவுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் பெரிய தலைவலி இட்லி மாவுதான்.

ஏழு நாளைக்கு வீட்டில் புளிப்பே இருக்கக்கூடாது என்பது கட்டளை. பன், ரஸ்க், பிஸ்கட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் தள்ளிவிடலாம். ஃபிரிட்ஜுக்குள் தூக்குவாளியில் பொங்கி, மூடியை முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை என்ன செய்வது? வேதாகமத்தில் புளித்த மாவைப் பற்றிப் படிக்கும்போது தஞ்சாவூர்க்காரி எவளுக்கும் கண் முன்னே வருவது அதுதான். பேக்கரியில் போடுகிற ஈஸ்ட் யாருக்கு ஞாபகம் வரும்?

இதை யூத ரபிகள் எந்தக் காலத்திலோ வாதாடி முடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களின் மாவு தண்ணீர் பட்டு ஊறினால்தான் அது தள்ள வேண்டிய புளிப்பு. யோகனான் பென் நூரி என்ற ரபி அரிசியையும் அந்தக் கணக்கில் சேர்க்கப் பார்த்தார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி புளிப்பதில்லை, ஊசித்தான் போகிறது என்று தீர்த்துவிட்டார்கள். தல்மூதில் இருக்கிற வாதம் இது. பாவம், அவர்களில் ஒருவரும் இட்லி சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பின்னாளில் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் பஸ்காவில் அரிசியையும் பயறு வகைகளையும் சேர்த்தே விலக்கினார்கள். ஸ்பெயின் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் சோறு சாப்பிட்டார்கள்.

ஆக, சட்டப்படி என் தூக்குவாளி நிரபராதி. இருந்தும் நான் அதை வைத்துக்கொள்வதில்லை. முந்தின ராத்திரியே மொத்த மாவையும் தோசையாக வார்த்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு எகிப்தை விட்டு ஓடினவர்களின் கதையை, ஒரு மாவு நிதானமாகப் பொங்கிக்கொண்டிருக்கிற வீட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மறுநாள் கோதுமை மாவைப் பிசைந்த கையோடு தேய்த்துக் கல்லில் போடுவேன். தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்பது ரபிகள் கணக்கு. பஸ்காவுக்கு வேண்டிய கசப்புக் கீரைக்கு நான் எங்கும் போக வேண்டாம். அந்த மாதம் கொல்லை வேம்பு பூத்துக் கொட்டிக் கிடக்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் ஊர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவரும் நானும் வாத்தியார் சம்பளத்தில் சேர்த்து வாங்கின ஒன்பது மா நிலம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் மூன்று. பரம்பரை லுத்தரன் குடும்பம். இயேசுவை மேசியா என்று நம்புகிறேன். அந்த மேசியா ஆசரித்த பண்டிகைகளை, லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிற வரிசைப்படி, பத்துப் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் ஆசரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போகிறேன். யூதச்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுடைய சால்வையைப் போர்த்திக்கொள்வதும் இல்லை. இப்போது சில ஜெபக் கூட்டங்களில் ஆட்டுக்கொம்பு வரவழைத்து மைக்கில் ஊதுகிறார்கள். எனக்கு அது இன்னொருத்தர் வீட்டுச் சீர்வரிசையை நம் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்த மாதிரி இருக்கிறது.

ஆரம்பித்துவைத்தது என் அண்ணன் மகள். இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள். ஒரு புரட்டாசியில் போன் பண்ணி, “அத்தை, இங்க வீட்டுக்கு வீடு மாடியில பந்தல் போட்டு உள்ள உக்காந்து சாப்பிடுறாங்க, கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்றாள். கூடாரப் பண்டிகை. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் அதைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். பந்தல் என்று ஒரு நாளும் தோன்றினதில்லை. பந்தல் என்றால் நமக்குத் தெரியுமே! அன்று ராத்திரி லேவியராகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

எங்கள் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நல்ல மனுஷர். கலாத்தியர், கொலோசெயர் இரண்டையும் காட்டி, நாள் பார்ப்பதும் மாதப்பிறப்புப் பார்ப்பதும் பவுல் வேண்டாமென்று தள்ளின காரியமல்லவா டீச்சர் என்றார். அதே பவுல் பெந்தெகொஸ்தே நாளுக்கு எருசலேமில் இருக்க வேண்டுமென்று அவசரப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளில் எடுத்துக் காட்டினேன். 325இல் நிசேயாவில் கூடின பிதாக்கள் ஈஸ்டரை யூதர் கணக்கிலிருந்து அறுத்துவிட்டார்கள், அது முடிந்த கதை என்றார். முடியவில்லை என்றேன். அதற்கும் அறுபது வருஷம் கழித்து, 386இல், அந்தியோகியாவில் கிறிசோஸ்தம் பிரசங்கத்துக்கு மேல் பிரசங்கமாகத் தன் சபையாரைத் திட்ட வேண்டியிருந்தது; எக்காளம் ஊதினால் கேட்கப் போய்விடுகிறார்கள், யூதரோடு சேர்ந்து உபவாசம் இருக்கிறார்கள் என்று. திட்டிய வார்த்தைகள் படிக்கக் கூசும். ஆனால் அந்தச் சனங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐயர் சிரித்துவிட்டு, இரட்சிப்புக்காகச் செய்யாத வரைக்கும் சரி என்று விட்டுவிட்டார். இரட்சிப்புக்காக யார் செய்கிறார்கள்? நான் பஞ்சாங்கத்துக்காகச் செய்தேன். உண்மை அதுதான்.

அந்தப் பஞ்சாங்கம் நம் ஆத்தாக்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். பிறை கண்டு மாதம் பிறக்கும். பெரிய பண்டிகைகளில் இரண்டு பௌர்ணமியில் வரும். வருஷம் நழுவாமல் இருக்க 19 வருஷத்துக்கு ஏழு தடவை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். 2024இல் பஸ்காவின் முதல் நாளும் சித்ரா பௌர்ணமியும் ஒரே நாள், ஏப்ரல் 23. எங்கள் ஊரில் ஒரு பக்கம் காவடி, நான் இந்தப் பக்கம் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தேன்.

நிலவு ஒத்துப்போகும். வயல்தான் ஒத்துப்போகாது. பஸ்காவை ஒட்டி அவர்களுக்கு வாற்கோதுமை முதற்கட்டு. எங்களுக்கு அப்போது நெல் களம் ஏறி இரண்டு மாதமாகியிருக்கும், தரிசில் உளுந்தும் பயறும் பிடுங்கிக்கொண்டிருப்போம். ஐம்பதாம் நாள் வாரங்களின் பண்டிகை, கோதுமை அறுப்பு. இங்கே நிலம் வெடித்துக் கிடக்க, மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாள் அது. 2024இல் அந்தப் பண்டிகை சரியாக ஜூன் 12இல் வந்தது. டெல்டாக்காரனுக்கு ஜூன் 12 என்றால் குறுவைக்கு அணை திறக்கிற நாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வருஷம் அணை திறக்கவில்லை, தண்ணீர் போதவில்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அப்புறம் தேதிப் பொருத்தம் பார்த்து மயிர்க்கூச்செறிவதைக் குறைத்துக்கொண்டேன்.

கூடாரப் பண்டிகை மட்டும் கிட்டத்தட்டப் பொருந்தும், குறுவை அறுப்போடு. ஆனால் அது எங்களுக்கு மழை வாசல். பந்தலில் கஞ்சி கெட்டுப்போகிற அளவுக்கு மழை இறங்கினால் வீட்டுக்குள் போய்விடலாம் என்று ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சலுகை இருக்கிறது. அதை எழுதினவர்கள் ஐப்பசி அடைமழையைப் பார்த்திருந்தால் பந்தலையே ரத்து பண்ணியிருப்பார்கள்.

அப்படியென்றால் யூதேயா மலைநாட்டு வயலின் பண்டிகையைக் காவிரி மண்ணில் உட்கார்ந்து ஆசரிப்பதில் என்ன அர்த்தம்? எனக்கு முன்னால் இந்தக் கேள்வியில் இறங்கின தமிழர் ஒருத்தர் உண்டு. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, திருநெல்வேலிச் சீமைக்காரர். நாசரேத் மிஷனரியோடு மனக்கசப்பு. தன் சாதியாரைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதின புத்தகத்தின் மேல் கோபம். 1857இல் பிரகாசபுரத்தில் தனியாகப் பிரிந்தார். இந்து கிறிஸ்தவ சபை என்று பேர். வெள்ளைக்காரன் பழக்கம் என்று பட்டதையெல்லாம் கழித்துவிட்டு, சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சபை அவரோடு முடிந்துவிடவில்லை. வெள்ளைக்காரனின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து மோசேயிடமே நேரே பேசிக்கொள்கிறேன் என்ற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அவருக்கு அது மானப் பிரச்சினை. எங்கள் பக்கம் மானத்துக்கு முன்னால் அரைப்படி நெல் இருந்தது.

என் தாத்தா பண்ணையாள். சாட்டையடியையும் சாணிப்பாலையும் பற்றிக் கீழத்தஞ்சை முழுக்கக் கதை உண்டு. எங்கள் வீட்டில் அது கதையில்லை, தாத்தாவின் முதுகு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த பகை. நாங்கள் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து பலகாரம் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். பஸ்கா ராத்திரியில் ஒவ்வொருத்தனும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது யூதர் மரபு. நான் எண்ணிப் பார்க்க மெனக்கெட வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை. சம்பா நடவு அன்றுதான் முடிந்தது. பணம் எடுக்கத் தஞ்சாவூர் போய், ஏடிஎம் வரிசையில் நின்று, பஸ் பிடித்துத் திரும்ப நேரமாகிவிட்டது. வந்ததும் குளித்து, அந்தியில் தொடங்குகிற ஓய்வுநாளுக்கு விளக்கேற்றிவிட்டேன். அதற்கப்புறம் காசைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. விளக்கேற்றிக் கால்மணி நேரம் ஆகவில்லை, நடவு ஆட்களுக்குத் தலைமையாக நிற்கிற அக்கா வாசலில் வந்து நின்றது.

“ஞாயித்துக்கிழமை காலையில வாங்கக்கா. இப்ப காசு எடுக்க மாட்டேன்.”

அக்கா விளக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. “வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சப்பறம் காசு குடுக்க மாட்டீங்களா? நீங்களுமா டீச்சர்?”

அவ்வளவுதான். கோபமில்லை, அந்த ‘உம்’ மட்டும்தான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு காசு கொடுத்தால் லட்சுமி போய்விடும் என்று சொல்லி எத்தனை மிராசுதார் வாசலில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! அந்த வரிசையில் நானும் போய் நின்றேன், கையில் மோசேயின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. அக்கா போய்விட்டது. நான் உள்ளே வந்து சங்கீதம் வாசித்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் தங்கக்கூடாது என்பதும் அதே லேவியராகமத்தில்தான் இருக்கிறது. பண்டிகை அதிகாரத்துக்கு நாலு அதிகாரம் முன்னால். பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதன் மேல்தான் உயிரை வைத்திருக்கிறான் என்று உபாகமம் இன்னும் உரக்கச் சொல்கிறது. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒழுங்கு என்று ஒன்று பிடித்துவிட்டால் அது தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு நாள் ஓடுகிறது. சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகே பணத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் தெருவுக்குப் போனேன். பதினோரு பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கியிருந்தார்கள். நாலைந்து நாளில் பாவநிவாரண நாள் வந்தது. கடவுளுக்கு விரோதமாகச் செய்ததற்குத்தான் அந்த நாள் பரிகாரம், பக்கத்திலிருக்கிறவனுக்குச் செய்ததற்கு அவனைச் சமாதானப்படுத்துகிற வரைக்கும் பரிகாரமில்லை என்று மிஷ்னா சொல்கிறது. அந்த வருஷ உபவாசத்தில் எனக்குப் பசியே தெரியவில்லை.

அந்த அக்காதான் அடுத்த வாரம் பந்தலுக்குக் கீற்று முடையவும் வந்தது. கூரை, மண்ணில் விளைந்து வெட்டினதாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும். ராத்திரி நட்சத்திரம் தெரிகிற மாதிரி இடைவெளி விட்டால் நல்லது. இந்தக் கடைசி விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. அக்கா கையில் கீற்று நெருங்கித்தான் உட்காரும்.

“இடைவெளி விடுங்கக்கா, நட்சத்திரம் தெரியணும்.”

“எங்க வீட்டுல ஓட்டையை அடைக்கத்தான் டீச்சர் கீத்துக்கு அலையுறோம். கஜா புயல்ல பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையெல்லாம் போனப்பறம் கீத்து விலை தெரியுமா ஒங்களுக்கு?”

கடைசிவரை அக்கா இடைவெளி விடவில்லை. நானே ராத்திரி ஒரு கம்பால் நெம்பி விட்டுக்கொண்டேன்.

பந்தலில் உட்கார்ந்து 23ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தபோதுதான் அந்த வசனம் இடறியது. பஸ்கா, முதற்பலன், வாரங்களின் பண்டிகை என்று வரிசையாக நாளும் பலியும் சொல்லிக்கொண்டே வந்து, எக்காளத்துக்குப் போகும் முன்னால், 22ஆம் வசனத்தில், சம்பந்தமே இல்லாமல் வயல் வருகிறது. அறுக்கும்போது ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. நாளும் கிழமையுமாகப் போகிற பட்டியலில் தேதி இல்லாமல் நிற்கிற வசனம் அது. அத்தனை வருஷமும் அதை இடைச்செருகல் மாதிரித் தாண்டிப் போயிருக்கிறேன். யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் ரூத்தின் புத்தகத்தை வாசிப்பது இதோடு ஒட்டித்தான் போலிருக்கிறது. கதிர் பொறுக்கிப் பிழைத்த பரதேசிப் பெண் கதை. இந்தப் பண்டிகைகளில் என்னைப் போன்றவளுக்கு இடம் உண்டென்றால் அது ரூத்தின் இடம். தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கின சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்துப் பழைய ஏற்பாட்டில் கை வைத்து, ரூத் வரைக்கும் கொண்டுவந்து, 1719இல் 36 வயதில் செத்துப்போனார். எங்கள் பாட்டன்மார் கைக்கு முதலில் வந்த பழைய ஏற்பாடு கதிர் பொறுக்குகிற வயலோடு நின்றது. இதில் அடையாளம் எதுவும் தேடவில்லை. தேடினால் ஜூன் 12 மாதிரி ஆகிவிடும்.

ஓரம் விடுவது என்று முடிவு பண்ணினேன். எவ்வளவு? அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று மிஷ்னா. ஒன்பது மாவுக்குத் தொள்ளாயிரம் குழி. அதில் அறுபதில் ஒன்று பதினைந்து குழி. ஒரு மூட்டைக்குச் சற்றுக் கூடக் காணும். அந்தச் சட்டம் இஸ்ரவேல் மண்ணுக்குத்தான், உன் வயல் கானானில் இல்லையே என்று எனக்குள்ளிருந்த கருமி ஒரு வாரம் வாதாடினாள்.

தை மாதம் அறுப்புக்குச் செயின் வண்டி வந்தது. வாய்க்கால் ஓர மூலையை விடச் சொன்னேன். டிரைவர் தம்பி இறங்கி வந்து, “பாம்பு கீம்பு கெடக்கா டீச்சர்?” என்றது. இல்லை என்றேன். வாடகை மணிக்கணக்கு, அதனால் மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டது. மூலை நின்றது. ஒருத்தரும் வரவில்லை. பத்து நாளாயிற்று. தாள் சாய்ந்தது, கொக்கும் எலியும் வந்தன, வாத்துக்காரர் ஒருத்தர் வாத்தை இறக்கலாமா என்று கேட்டார். ஊரில் என்ன பேச்சு என்று அக்காவிடம் விசாரித்தேன். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், கழிப்புக் கழிக்க விட்டிருக்கிறது என்றார்களாம். இன்னொரு தரப்பு, சர்ச்சுக்கு நேர்ந்துவிட்டது, தொட்டால் ஆகாது.

“நீங்க அறுத்துக்கலாமேக்கா.”

“நல்லாருக்கே! ஊரு பாக்க அருவாளோட ஒங்க வயல்ல எறங்குனா, நீங்க கரையில நின்னு பாத்துக்கிட்டு இருப்பீங்க. நாங்க என்ன பிச்சை எடுக்கவா வந்தோம்?”

ஆமாம், நான் தினம் சாயங்காலம் கரையில் போய் நின்றேன். யார் வருகிறார்கள் என்று பார்க்க. அந்த ஓரம் எனக்குத் தெரிந்தவளுக்குக் கிடைக்க வேண்டும், அவள் எனக்கு நன்றியோடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் இருந்திருக்கிறது. யாருக்கு என்று தீர்மானிக்கிற உரிமை நிலத்துக்காரனுக்குக் கிடையாது என்று ரபிகள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். கொடு என்று வேதம் சொல்லவில்லை. விட்டுவிடு என்கிறது. நிலத்துக்காரன் போவாஸ்கூட ரூத்தைக் கூப்பிட்டுப் போர்வையில் அளந்து கொடுப்பதற்கு முன்னால், கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போட்டுவிட்டு, அவளை அதட்டாமல் இருங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

அடுத்த தையில் அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்: வியாழக்கிழமை நான் ஊரில் இருக்க மாட்டேன். காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கீழவாசலில் ஒரு ஜமக்காளத்துக்கு விலை கேட்டேன். சிவகங்கைப் பூங்கா பக்கம் போய், சுவார்ட்ஸ் ஐயர் 1779இல் கட்டின கோவிலில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அங்கே சரபோஜி ராஜா வைத்த பளிங்குச் சிற்பத்தில், சாகக் கிடக்கிற ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜா நிற்கிறார். எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். எனக்கு அன்று மனசு அதில் போகவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பினவள், வேண்டாமென்று அதை விட்டுவிட்டு ஐந்தரைக்கு ஏறினேன்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் விடிந்துதான் வயலுக்குப் போனேன். மூலை வெறுமையாக இருந்தது. செயின் வண்டி அறுத்த இடத்தில் தாள் முழங்கால் உயரம். மூலையில் அரிவாள் அறுத்திருந்தது, தரையோடு தரையாக. யார் என்று கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. இப்போது நாலாவது வருஷம், இன்னும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போம், ஆடுதுறை 3 ரகம். வண்டியின் செயின் ஏறின தடமெல்லாம் முளை நசுங்கி வரிவரியாகச் சொட்டை விழும். மூலையில் வண்டி இறங்கவில்லையா, அங்கே மட்டும் உளுந்து பாய் விரித்த மாதிரி அடர்ந்து கிடக்கிறது. பங்குனியில் காய் கறுக்கும். பஸ்காவுக்கு முன்னால் பிடுங்க வேண்டும். போன வாரம் அக்கா வரப்பில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

“இந்த மூலை உளுந்து யாருது டீச்சர்?”

நெல்லுக்குத்தான் நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். இதை மிஷ்னாவில் தேட வேண்டும் என்றேன்.

“தேடுங்க,” என்றது அக்கா, “அதுக்குள்ள காய் வெடிச்சிரும்.”